பட்டைக்கும் தண்டுக்கும் நடுவே

என் கையில் முதன்முதலாகக் கத்தியைக் கொடுத்தவர் எந்தப் பேராசிரியரும் இல்லை, என் அம்மா. எழுபதுகளின் பிற்பாதி. மலேசியாவில் சுங்கை காடுட் பக்கத்து ரப்பர்த் தோட்டம். பள்ளி விடுமுறை. பெரட்டில் ஆள் எண்ணி முடிந்து வேலைக்காட்டுக்குள் நுழையும்போது இன்னும் விடிந்திருக்காது. நெற்றி விளக்கின் வெளிச்சம் மரத்தில் வட்டமாக விழும். அம்மா என் கையைப் பிடித்து, பால்வெட்டுக் கத்தியைப் பட்டையில் வைத்துச் சொன்னார்:

"ஆழமா இழுக்காதடா. மேலாப்புல போனா பால் வராது. உள்ள போனா மரத்துக்குக் காயம். ரெண்டுக்கும் நடுவுல ஒரு நூல் இடம் இருக்கு. அதுல போ."

பால் ஓடும் குழாய்கள் பட்டையின் உள்ளோரத்தில்தான் நெருக்கமாக இருக்கின்றன என்பதைப் பல ஆண்டு கழித்துப் படித்தேன். அதற்கும் உள்ளே, மரத்தை வளரவைக்கிற மெல்லிய படலம். கைதேர்ந்தவர்கள் அந்தப் படலத்துக்கு ஒரு மில்லிமீட்டர் மிச்சம் வைத்து வெட்டுவார்கள். படலத்தில் கத்தி பட்டுவிட்டால் புதுப்பட்டை முண்டும் முடிச்சுமாக வளரும். பிறகு அந்தப் பக்கம் வெட்ட லாயக்கில்லை. வேலையை மேற்பார்க்கும் மண்டோர் மரம் மரமாக வந்து காயங்களை எண்ணுவார். அம்மாவின் நிரையில் அவருக்கு எண்ண அதிகம் கிடைத்ததில்லை. ஒரு நாளைக்கு ஐந்நூறு மரம். எல்லாம் அந்த ஒரு நூல் இடத்தில்.

நான் முதுகெலும்பு அறுவை மருத்துவன். இருபது ஆண்டாக நானும் அந்த ஒரு நூல் இடத்தில்தான் வேலை செய்கிறேன்.

*

தோட்டத்தில் முதுகுவலி நோய் அல்ல, சம்பளத்தோடு வருவது. காலையில் குனிந்து நிமிர்ந்து மரம் வெட்டு, பத்து மணிக்கு மேல் மங்குகளில் இருந்த பாலை வாளியில் சேர், காண்டாக் கம்பின் இரண்டு முனையிலும் நிறைந்த வாளிகளை மாட்டித் தோளில் ஏற்று, மேடு பள்ளம் பார்த்து ஸ்டோருக்கு நட. அம்மாவின் வலது தோளில் காண்டா உட்கார்ந்த இடம் காய்ப்பேறிக் கறுத்திருக்கும். வலி தாளாதவர்கள் தோட்டத்து ஆஸ்பத்திரிக்குப் போவார்கள். டிரஸ்ஸர் வெள்ளை மாத்திரை தருவார். வீட்டுக்கு வந்தால் கோடாலித் தைலம். அதற்கும் கேட்காவிட்டால் நீவி விடுகிற கிழவி. அதற்கும் மேலே வைத்தியம் இருக்கிறது என்று எங்கள் லயத்து வீடுகளில் யாருக்கும் தெரியாது.

அப்பாவின் கதை வேறு. அவர் ஸ்டோரில் பால் தூக்குகிறவர். ஐம்பதைத் தாண்டியபோது அவருக்கு நடக்க முடியாமல் போயிற்று. நூறு அடி நடப்பார், இரண்டு காலும் கனத்து மரத்துப்போகும், குத்துக்கல்லில் உட்காருவார், சரியாகிவிடும், இன்னொரு நூறு அடி. மாரியம்மன் கோயிலுக்கு நடந்துபோக மாட்டார். ஆனால் சைக்கிளில் எவ்வளவு தூரமானாலும் மிதிப்பார். கள்ளுக்கடை லயத்திலிருந்து கோயிலைவிடத் தூரம்.

"கள்ளுக்கடைக்குச் சக்கரம் உருளும், கோயிலுக்குக் கால் நகராது" என்று அம்மா திட்டுவார். நானும் அதை நம்பினேன். மணிப்பாலில் மருத்துவம் படித்துக்கொண்டிருந்தபோது விடுமுறைக்கு வந்து, அப்பா படலையில் சாய்ந்து நிற்பதைப் பார்த்தும் நம்பினேன். மருத்துவம் படிக்கிற மகனுக்கே அது நோயாகத் தெரியவில்லை.

*

முதுகைத் திறக்க எவ்வளவு காலம் படிக்க வேண்டும் என்று நோயாளிகள் கேட்பதுண்டு. விரலில் எண்ணிக் காட்டுவேன். மருத்துவப் படிப்பு ஐந்தாண்டு. சிரம்பான் பெரிய ஆஸ்பத்திரியில் பயிற்சி மருத்துவராக ஓராண்டு. இப்போது அது இரண்டாண்டு. பிறகு மருத்துவ அதிகாரியாக நான்காண்டு. கோலாலம்பூரில் எலும்பு மருத்துவ முதுநிலைப் பட்டம் நான்காண்டு. அதன்பின் முதுகெலும்புக்கென்று தனியாக இரண்டாண்டு. அதில் சில மாதம் கோயம்புத்தூர் கங்கா மருத்துவமனையில். பொறுப்பு முழுதும் என் தலையில் இருக்க நான் முதல் முதுகைத் திறந்தபோது எனக்கு வயது 38. என்னோடு பள்ளியில் படித்தவர்கள் சிலர் அப்போதே பேரப்பிள்ளை பார்த்திருந்தார்கள்.

அத்தனை ஆண்டு எதைப் படிக்கிறோம்? எலும்புகளின் கணக்கை ஒரு நாளில் மனப்பாடம் செய்துவிடலாம்: கழுத்தில் 7, நெஞ்சில் 12, இடுப்பில் 5, அதற்குக் கீழே ஒட்டிப்போன எலும்புகள். நடுவே 23 வட்டுகள். எங்கள் மக்கள் 'ஜவ்வு' என்பது இதைத்தான். தண்டுவடம் இடுப்பின் முதல் எலும்புப் பக்கம் முடிந்துவிடும். அதற்குக் கீழே நரம்புகள் குதிரைவால்போலத் தொங்கும். இவ்வளவுதான். மீதி ஆண்டெல்லாம் கைக்கு.

கையைப் பழக்க எங்களுக்கு ஒரு கோழிமுட்டையைக் கொடுத்தார்கள். வேகமாகச் சுழலும் துளைக்கருவியால் ஓட்டை மட்டும் சீவி எடுக்க வேண்டும், உள்தோல் கிழியக்கூடாது. முதல் நாள் ஒரு தட்டு முட்டையைப் பாழாக்கினேன். முதுகிலும் அதே கதை. எலும்பைச் சீவிச் சீவி, முட்டை ஓட்டின் அளவுக்கு மெலிந்ததும் கருவியை வைத்துவிட்டு, மிச்சத்தைச் சின்னக் குறடால் கிள்ளி எடுக்க வேண்டும். அடியில் நரம்புகளைப் பொதிந்திருக்கும் உறை, நுங்கின் தோல்போல நீலம் கலந்த வெள்ளையாக, இதயத்தோடு சேர்ந்து மெல்லத் துடிக்கும். அதை முதன்முதலில் பார்த்த அன்று அம்மாவின் குரல் காதில் கேட்டது. 'உள்ள போனா காயம்.' மரத்தின் காயமாவது முடிச்சாக ஆறும். தண்டுவடத்தில் பட்ட காயம் ஆறுவதில்லை.

இன்னொரு பயிற்சி, எண்ணுவது. தோல் மூடிய முதுகில் எந்த எலும்பு எது என்று கண்ணுக்குத் தெரியாது. ஒன்று தவறினால் நோயில்லாத இடத்தைத் திறந்துவிடுவோம். அதனால் ஊசியை வைத்து எக்ஸ்ரே எடுத்து எண்ணுகிறோம். திறந்த பிறகு மறுபடி எண்ணுகிறோம். நான் எண்ணியதை உதவியாளர் தனியாக எண்ணிச் சொல்ல வேண்டும். உலகச் சுகாதார நிறுவனம் 2008இல் அறுவைக்கூடங்களுக்கு ஒரு சரிபார்ப்புப் பட்டியல் கொண்டுவந்தபோது, பெரிய டாக்டர்கள் சிலருக்குச் சிரிப்பு வந்தது. பெரட்டுக்களத்தில் தினமும் ஆள் எண்ணுவதைப் பார்த்து வளர்ந்த எனக்கு வரவில்லை.

கையும் கணக்கும் மட்டும் போதாத நாளும் உண்டு. கூன் நிமிர்த்தும் அறுவையில் கம்பிகளைப் பூட்டி முதுகை நிமிர்த்தும்போது தண்டுவடம் இழுபட்டுவிடக்கூடும். இப்போது நரம்பின் மின்னோட்டத்தைத் திரையில் பார்க்கிறோம். அந்தக் கருவிகள் பரவும் முன் இருந்தது, ஸ்தக்னாரா என்ற பிரெஞ்சு மருத்துவரும் அவருடைய குழுவும் 1973இல் எழுதிய முறை: அறுவையின் நடுவே மயக்கத்தைக் குறைத்து, நோயாளியை எழுப்பி, கால்விரலை ஆட்டச் சொல்வது. நான் பயிற்சியில் இருந்தபோது ஒரு தோட்டத்துப் பெண்பிள்ளைக்கு அதைச் செய்தோம். மயக்க மருத்துவர் மலாயில் கேட்டார், பிறகு ஆங்கிலத்தில். பாதம் அசையவில்லை. கூடத்தில் யாருக்கும் மூச்சில்லை. நான் குனிந்து, "தங்கச்சி, கால்விரல ஆட்டும்மா" என்றேன். இரண்டு பாதமும் அசைந்தன. மருந்து இன்னும் கொஞ்சம் தெளிந்ததாலா, தமிழில் கேட்டதாலா என்று என்னால் அறுதியிட முடியாது. அன்றிலிருந்து நோயாளி எந்த மொழியில் கனவு காண்பார் என்பதை அறுவைக்கு முன்பே கேட்டுவைத்துக்கொள்கிறேன்.

*

அப்பாவின் நோய் எனக்குப் பிடிபட்டது மருத்துவ அதிகாரியாக இருந்த காலத்தில். ஹென்க் வெர்பீஸ்ட் என்ற டச்சு மருத்துவர் 1954இல் எழுதிய நோயைப் பற்றிப் படித்துக்கொண்டிருந்தேன். வயதாக ஆக எலும்பும் தசைநாரும் தடித்து, நரம்புகள் போகும் கால்வாய் குறுகுகிறது. நிமிர்ந்து நின்றால் இன்னும் நெருக்கும். குனிந்தால் இடம் கிடைக்கும். ஆகவே இந்த நோயாளிகளால் நிமிர்ந்து நடக்க முடியாது. முன்னால் சாய்ந்து சைக்கிள் மிதிக்க முடியும். அங்காடியில் தள்ளுவண்டியைப் பிடித்துச் சாய்ந்தபடி மணிக்கணக்கில் சுற்ற முடியும்.

புத்தகத்தை மூடிவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன். கள்ளுக்கடைக்கு உருண்ட சக்கரத்தை மருத்துவம் நாற்பது ஆண்டுக்கு முன்பே எழுதிவைத்திருக்கிறது. நாங்கள்தான் ஒரு மனிதரைப் பத்தாண்டாகச் சோம்பேறி என்றோம்.

சொந்த ரத்தத்தை நாங்கள் வெட்டுவதில்லை. என் மூத்தவர் ஒருவர் அறுவை செய்தார். குறுகிய இடத்தின் மேற்கூரையை எடுத்து நரம்புகளுக்கு வழிவிட்டார். மூன்றாம் மாதம் அப்பா மாரியம்மன் திருவிழாவுக்கு நடந்தே வந்தார். வழியில் என்னிடம் சொன்னார்: "இப்ப கால் வந்திருச்சு. கள்ளுக்கடையத்தான் மூடிட்டானுங்க."

*

தோட்டத்துப் பிள்ளை என்பது எனக்குப் பலம். அதுவே ஒரு முறை என் கண்ணை மறைத்தது.

துப்புரவு வேலை செய்யும் ஒரு அக்கா நடுமுதுகு வலி என்று என்னிடம் வந்தார். நாள் முழுதும் குனிந்து பெருக்குகிறவர். வேலையைக் கேட்டதும் விடை தெரிந்துவிட்டதாக எனக்கு எண்ணம். மாத்திரையும் மருத்துவ விடுப்புச் சீட்டும் கொடுத்தனுப்பினேன். மறுபடி வந்தார், மறுபடி கொடுத்தேன். மூன்றாம் முறை சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தார். கால்களில் வலு குறைந்திருந்தது. அப்போதுதான் அவருடைய சட்டை தோளில் தொளதொளவென்று தொங்குவது கண்ணில் பட்டது. எடை குறைந்திருக்கிறதா, மாலையில் காய்ச்சல் வருகிறதா, இரவில் படுத்தபிறகும் வலிக்கிறதா என்ற மூன்று கேள்வியை முதல் நாளே கேட்டிருக்க வேண்டும். முதுகெலும்பில் காசநோய். சீழ் தண்டுவடத்தை அழுத்திக்கொண்டிருந்தது. அறுவை செய்து, ஓராண்டு மருந்து கொடுத்தோம். இப்போது கைத்தடியோடு நடக்கிறார். அந்தக் கைத்தடியில் பாதி என் கணக்கு.

மலேசியாவில் இன்னும் ஆண்டுக்கு 25 ஆயிரத்தை ஒட்டிய பேருக்குக் காசநோய் கண்டுபிடிக்கப்படுகிறது. நுரையீரலில் மட்டும் தேடினால் போதாது. இந்த நோயைப் பற்றி உலகம் கற்றுக்கொண்டதில் பெரிய பங்கு தமிழ்நாட்டுக்கு உண்டு. சென்னை சேத்துப்பட்டுக் காசநோய் ஆராய்ச்சி மையமும் பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் குழுவும் சேர்ந்து நடத்திய ஆய்வுகளில், முதுகெலும்புக் காசநோயாளிகளில் பெரும்பாலோரை நடமாட்டத்தோடேயே மருந்தால் குணப்படுத்த முடியும் என்று தெரிந்தது. அறுவை எல்லாருக்கும் வேண்டியதில்லை. அப்படியானால் யாருக்கு வேண்டும்? கங்கா மருத்துவமனையின் டாக்டர் எஸ். ராஜசேகரன், மருந்து மட்டும் பெற்ற 61 குழந்தைகளை 15 ஆண்டு பின்தொடர்ந்து 2001இல் அதற்கு விடை சொன்னார். நோய் ஆறிய பிறகும் சில குழந்தைகளுக்கு வளர வளரக் கூன் கூடிக்கொண்டே போனது. எக்ஸ்ரேயில் தெரியும் நான்கு அடையாளத்தில் சில சேர்ந்து இருந்தால், அந்தக் குழந்தையை முன்கூட்டியே நிமிர்த்த வேண்டும். மற்றவர்களைத் தொட வேண்டாம். தொட வேண்டாதவர்கள் யார் என்று தெரிந்துகொள்ள 15 ஆண்டு காத்திருந்த ஆராய்ச்சி அது. கோயம்புத்தூரில் நான் கற்றது திருகாணி முடுக்குவதை மட்டுமல்ல, இந்தப் பொறுமையையும்தான்.

*

இன்றைக்கு என் அறைக்கு வெளியே உட்கார்ந்திருப்பவர்கள் யார்? பால்மரம் அநேகமாகப் போய்விட்டது. செம்பனைக் காட்டில் உயர மரத்துக் குலையை நீளக் கம்பில் கட்டிய அரிவாளால் அண்ணாந்து அறுப்பவரும், இருபது கிலோக் குலையைக் குத்தித் தூக்கி வண்டியில் போடுபவரும் பெரும்பாலும் இந்தோனேசியர்கள், வங்காளதேசத்தவர்கள். அம்மாவின் முதுகு இப்போது அவர்களுக்கு வாய்த்திருக்கிறது. எங்கள் பிள்ளைகள் துவாங்கு ஜாஃபர் தொழிற்பேட்டையிலும் செனவாங்கிலும் ஷிப்டு பார்க்கிறார்கள், லோரி ஓட்டுகிறார்கள், பன்னிரண்டு மணிநேரம் காவலுக்கு நிற்கிறார்கள்.

அப்படி ஒரு தம்பி, வயது 34, எம்ஆர்ஐ படத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். "டாக்டர், ஜவ்வு விலகிருச்சு. ஒப்பரேசன் செஞ்சிருங்க."

படத்தை அப்புறம் பார்க்கலாம் என்று மேசையில் கவிழ்த்து வைத்தேன். 1994இல் அமெரிக்காவில் முதுகுவலியே இல்லாத 98 பேரைப் படம் எடுத்துப் பார்த்தார்கள். எல்லா வட்டும் ஒழுங்காக இருந்தவர்கள் 36 சதவீதம்தான். படத்தில் வட்டு பிதுங்கியிருப்பது நரைமுடிபோல. அது மட்டுமே நோய் ஆகாது. கால்வலிக்கும் படத்துக்கும் பொருத்தம் இருக்க வேண்டும். அவருக்கு இருந்தது. ஆனால் காலில் வலு குறையவில்லை. சிறுநீர் பிரிவதில் தடையில்லை. வலி வந்து ஐந்து வாரம்தான். இப்படிப்பட்டவர்களில் பலருக்கு மூன்று மாதத்துக்குள் வலி தானாக இறங்கும். நெதர்லாந்தில் 283 பேரை இரண்டு பிரிவாகப் பிரித்து, ஒரு பிரிவுக்கு உடனே அறுவையும் இன்னொரு பிரிவுக்குப் பொறுத்துப் பார்ப்பதுமாகச் செய்து 2007இல் வெளியிட்டார்கள். அறுவை செய்தவர்களுக்கு வலி சீக்கிரம் விட்டது. பொறுத்தவர்களில் 39 சதவீதத்தினர் பிறகு அறுவைக்கு வந்தார்கள். ஓராண்டு முடிவில் இரண்டு பிரிவும் ஒரே நிலையில் இருந்தன. இதையெல்லாம் சொன்னேன். அவர் தலையாட்டினார், ஆனால் முகம் தெளியவில்லை.

"தம்பி, எதுக்கு இவ்வளவு அவசரம்?"

அவர் மனைவியைப் பார்த்தார். மனைவிதான் சொன்னார்: "சூப்பர்வைசர் நம்ப மாட்டேங்கிறாரு டாக்டர். நடிக்கிறான்னு சொல்றாரு. தையல் இருந்தா நம்புவாங்கல்ல."

அவருக்குத் தேவைப்பட்டது அறுவை இல்லை, ஒரு சாட்சி. மூன்று மாதம் கனம் தூக்காத வேலை கொடுக்கச் சொல்லி, காரணத்தைத் தெளிவாக எழுதி, கையெழுத்தும் முத்திரையும் போட்டுக் கொடுத்தேன். நடக்கச் சொன்னேன், படுத்தே கிடக்க வேண்டாம் என்றேன். எட்டாவது வாரம் வலி இறங்கிவிட்டது. அந்தக் கேள்வியைக் கேட்காமல் விட்டிருந்தால் சட்டப்படி குற்றமில்லாத ஒரு அறுவையைச் செய்திருப்பேன். அவரும் நன்றி சொல்லியிருப்பார்.

தொழில்நோய்களைப் பற்றி 1700இல் நூல் எழுதிய இத்தாலிய மருத்துவர் ராமசீனி, நோயாளியிடம் கேட்கும் கேள்விகளோடு இன்னொன்றையும் சேர்க்கச் சொன்னார்: என்ன வேலை செய்கிறீர்கள்? நான் அதற்கடுத்து ஒன்று சேர்த்திருக்கிறேன்: அந்த வேலை இல்லாவிட்டால் வீட்டில் என்ன ஆகும்? மேலாகக் கேட்டால் பால் வராது.

*

எங்கள் கத்தி உதவாத முதுகுகளும் உண்டு. மரத்திலிருந்து விழுந்து, குலை கழுத்தில் விழுந்து, மோட்டார் சைக்கிளில் அடிபட்டு, தண்டுவடம் நசுங்கி வருபவர்கள். எலும்பைக் கம்பி வைத்து நிறுத்தலாம். செத்த நரம்பை எழுப்ப முடியாது. அறுவை முடிந்ததும் 'எங்கள் வேலை ஆயிற்று' என்று நகர்ந்துவிடுகிற பழக்கம் இந்தத் தொழிலுக்கு உண்டு. எனக்கும் இருந்தது.

அதைத் திருத்தியவை இரண்டு வாழ்க்கைகள். வேலூரில் இளம் மருத்துவராக இருந்த மேரி வர்கீஸ், 1954இல் கார் விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்தார். சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை செய்யக் கற்றார். பிறகு மறுவாழ்வு மருத்துவம் பயின்று வந்து வேலூரில் அதற்கென்று ஒரு துறையையே கட்டினார். தென்காசி அருகே ஆய்க்குடியைச் சேர்ந்த எஸ். ராமகிருஷ்ணன், 1975இல் கடற்படைத் தேர்வின்போது விழுந்து கழுத்துக்குக் கீழே இயக்கம் இழந்தார். தமக்கு வைத்தியம் செய்த மருத்துவரின் பெயரில் 1981இல் அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். இவர்கள் இருவரையும் எந்த அறுவை மருத்துவரும் நடக்கவைக்கவில்லை.

இங்கே மலாக்காவில், தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனமான சொக்சோ நடத்தும் துன் ரசாக் மறுவாழ்வு மையம் இருக்கிறது. வேலையில் அடிபட்டவர்களை அங்கே அனுப்பும் கடிதத்தை, அறுவைக் குறிப்பை எழுதும் அதே கையோடு எழுதிவிடுகிறேன். 2019 முதல் வெளிநாட்டுத் தொழிலாளிகளுக்கும் சொக்சோவின் வேலை விபத்துப் பாதுகாப்பு உண்டு. அதை அவர்களுக்கு யாரும் சொல்வதில்லை. நாங்கள்தான் சொல்ல வேண்டும்.

*

அம்மாவுக்கு இப்போது எண்பதைத் தாண்டிவிட்டது. லயம் இருந்த இடத்தில் தாமான் வீடுகள் வந்துவிட்டன. முதுகு கூனி நடக்கிறார். படம் எடுத்துப் பார்த்தேன். வட்டு ஒன்றுகூட ஒழுங்காக இல்லை. ஆனால் காலில் வலு இருக்கிறது, தூக்கம் இருக்கிறது, வாசலில் முருங்கைக் கீரை பறிக்கிறார். அந்த முதுகில் எனக்கு வேலையில்லை. "பெரிய டாக்டரு, பெத்தவ முதுகுக்கு மருந்து தெரியல" என்று பக்கத்து வீட்டில் சொல்லிச் சிரிக்கிறாராம்.

படிப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியது இவ்வளவுதான். முதுகுவலிக்கு டாக்டரிடம் போகும்போது படத்தை மட்டும் நீட்டாதீர்கள். என்ன வேலை, எத்தனை மணிநேரம், எதைத் தூக்குகிறீர்கள் என்பதைச் சொல்லுங்கள். அவர் கேட்காவிட்டாலும் சொல்லுங்கள். வேலையில் அடிபட்டால் அன்றே முதலாளியிடம் எழுத்தில் கொடுத்துச் சொக்சோவில் பதிந்துவிடுங்கள். எடை குறைந்தாலும், மாலைக் காய்ச்சல் வந்தாலும், இரவில் வலி எழுப்பினாலும் தைலத்தை நம்பி வாரங்களைக் கடத்தாதீர்கள். முதுகுவலியோடு கால் வலுவிழந்தாலோ, தொடைக்கு நடுவே உணர்வு மரத்துப்போனாலோ, சிறுநீர் கழிக்க முடியாமல் போனாலோ, நாளைக் காலைவரை காத்திருக்க வேண்டாம். அன்றிரவே பெரிய ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.